ஹோர்ட்டன் சமவெளியில் ஓர் இரவு: புகாரும் குளிரும் எங்கள் பயணமும்

இரவோடிரவாக ஏ9 வீதியில் ஓடி, விடியற்புறம் கண்டியில் தேத்தண்ணி குடித்து, நுவரெலியாவில் முகம் கழுவிச் சாப்பிட்டு, ஹோர்ட்டன் சமவெளியின் வாசலை அடையும்போது பத்து மணியாகிவிடும். அதன்பிறகு நாலு கிலோமீற்றர் அளவு நடந்து உலகமுடிவு என்ற செங்குத்துப் பள்ளத்தின் விளிம்பில் நின்றால் எதிரே தெரிவது ஒரு வெள்ளைச் சுவர்: புகார் என்று நாங்கள் சொல்லும் மூடுபனி. யாழ்ப்பாணத்திலிருந்து வான் பிடித்துப் போகும் குழுக்கள் பலவற்றுக்கு இதுதான் நடக்கிறது. ‘எங்களுக்கு வாய்க்கவில்லை’ என்று சொல்லிக்கொண்டு திரும்புகிறார்கள். வாய்ப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. அந்தச் சுவர் பெரும்பாலான நாள்களில் நேரம் தவறாமல் எழுகிறது. ஏன் எழுகிறது என்று தெரிந்தால் பயணத்தை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம். அங்கே குளிரில் விறைப்பது, கூடாரத்துக்குள் நனைவது, காஸ் அடுப்பு எரிய மறுப்பது எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது அதே குளிர்ந்த ஈரக்காற்றுத்தான்.

சமவெளி என்ற பெயரைக் கேட்டு வலிகாமத்துத் தோட்டவெளியை மனதில் கொள்ளக்கூடாது. கடல்மட்டத்திலிருந்து 2,100 முதல் 2,300 மீற்றர்வரை உயரத்தில், புல்வெளியும் குட்டை மரக்காடும் கலந்து அலையலையாகக் கிடக்கும் மேட்டுநிலம் அது. தென்புறத்தில் அந்த மேடு சட்டென்று முறிகிறது. முறியும் இடம்தான் உலகமுடிவு. பள்ளம் ஏறத்தாழ 870 மீற்றர். கீழே சப்ரகமுவவின் வெப்பமான தாழ்நிலம். விடியும்போது அந்தப் பள்ளத்தாக்கு குளிர்ந்து, காற்று அசையாமல் கிடக்கும். தெற்கே கண்ணுக்கெட்டிய தூரம்வரை மலையும் குளமும் துலங்கும். வெயில் ஏறத் தொடங்கியதும் கீழிருக்கும் காற்று சூடாகி மலைச்சுவரை ஒட்டி மேலெழுகிறது. ஒவ்வொரு நூறு மீற்றருக்கும் அது ஒரு பாகை அளவு குளிர்கிறது. சூடாக இருந்தபோது சுமந்த ஈரத்தைக் குளிர்ந்த பிறகு அதனால் சுமக்க முடியாது. ஒன்பது, பத்து மணியளவில் அந்த ஈரம் நுண்துளிகளாகி விளிம்பைத் தாண்டி உள்ளே வரும். எங்கள் ஊரில் மார்கழி, தையில் வயல்வெளிமேல் படியும் புகார் வெயில் பட்டதும் கலைந்துவிடும். இங்கே நடப்பது நேரெதிர்: வெயில்தான் புகாரைக் கிளப்புகிறது. ‘கொஞ்சம் பொறுத்தால் விலகிவிடும்’ என்று விளிம்பில் காத்திருப்பவர்கள் ஏமாறுவதற்கு இந்த ஊர்ப் பழக்கமே காரணம்.

இந்தப் புகார் காட்சியை மறைத்தாலும் காட்டுக்கு அது சோறு. அங்குள்ள மரங்கள் உயரமில்லாமல், முறுகிய கிளைகளோடு, குடை விரித்ததுபோல நிற்கும். கிளைகளிலெல்லாம் பாசியும் தாடிபோலத் தொங்கும் மரப்பாசியும். புகார் அவற்றினூடே போகும்போது துளிகள் பாசியில் ஒட்டி, சேர்ந்து, சொட்டி நிலத்தில் இறங்குகின்றன. மழையே பெய்யாத நாளிலும் மரத்தடியில் நின்றால் தோளில் சொட்டும். அடியிலுள்ள கறுத்த மண் பஞ்சுபோல அந்த நீரை வைத்திருந்து மெல்ல மெல்ல விடுகிறது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் நீர் ஊட்டும் ஓடைகள் இங்கிருந்து புறப்படுகின்றன. 1873 இல் தாவரவியலாளர் யோசேப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலுள்ள மலைக்காடுகளை அழியாமல் விடும்படி பிரித்தானிய அரசுக்கு அறிவுரை சொன்னதற்கும் இந்த நீர்தான் காரணம். கோப்பித் தோட்டமும் தேயிலைத் தோட்டமும் மலைகளை விழுங்கிய காலத்தில் இந்த உச்சி தப்பியது அப்படித்தான். சுண்ணாம்புக் கல்லுக்கடியில் மழைநீரைச் சேமித்துக் கிணற்றில் அள்ளி வாழும் குடாநாட்டுக்காரருக்கு, நீரைச் சேமிக்கும் நிலத்தின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் கண்ணோடு இந்த மண்ணில் கால்வைத்தால் நடைபாதையை விட்டு விலகக்கூடாது என்ற விதி தானாகவே விளங்கும். மிதிபட்டு இறுகிய மண் நீரை உறிஞ்சாது. அதன்மேல் ஓடும் மழை அதையே அரித்துக்கொண்டு போகும்.

1831 முதல் 1837 வரை இலங்கையின் ஆளுநராக இருந்த றொபேட் வில்மட் ஹோர்ட்டனின் பெயர்தான் இந்த இடத்துக்கு. சிங்களத்தில் மகா எலிய என்பார்கள். 1969 இல் சரணாலயமாகவும் 1988 இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 3,160 ஹெக்ரேயர். 2010 இல் இலங்கையின் மத்திய மலைநாடு யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தபோது, சிவனொளிபாதமலைக் காடு, நக்கிள்ஸ் ஆகியவற்றோடு இதுவும் சேர்ந்தது.

எப்போது போவது

தை, மாசி மாதங்கள்தான் முதல் தெரிவு. வடகீழ்ப் பருவமழை அடங்கி வானம் தெளிந்திருக்கும். ஆனால் இரவுக் குளிர் கடுமையாக இருப்பதும் அப்போதுதான். சித்திரை விடுமுறையில் நுவரெலியா நிரம்பி வழியும், பிற்பகலில் இடிமழை வரும். ஆனி, ஆடியில் தென்மேல் பருவக்காற்று கூடாரத்தையே பிடுங்கும். மார்கழி விடுமுறையில் மழை. வார இறுதியையும் போயா நாளையும் தவிர்த்தால் வாசலில் வாகன வரிசை குறையும்.

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு ஏ9 வழியே 321 கிலோமீற்றர். அங்கிருந்து கம்பளை, இறம்பொடை ஊடாக நுவரெலியா இன்னும் 75 கிலோமீற்றருக்குக் கிட்ட. இதை ஒரே இரவில் ஓடி அப்படியே மலையேறுவது சாரதிக்கும் ஆபத்து, காட்சிக்கும் கேடு. முதல்நாள் பகலில் புறப்பட்டு நுவரெலியாவிலோ பட்டிப்பொலப் பக்கத்திலோ படுத்து, மறுநாள் நாலரைக்கு எழும்புவதுதான் சரியான கணக்கு. நுவரெலியாவிலிருந்து அம்பேவெல, பட்டிப்பொல ஊடாகப் பூங்கா 32 கிலோமீற்றர். இருட்டில், வளைவுகளில் ஒன்றேகால் மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். வாசல் ஆறு மணிக்குத் திறக்கும்.

ரயில் விருப்பமென்றால் யாழ் ரயிலில் பொல்கஹவெலயில் இறங்கிப் பதுளை ரயிலுக்கு மாறலாம். கொழும்புவரை போய்த் திரும்ப வேண்டியதில்லை. பட்டிப்பொல நிலையம் 1,897 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, நாட்டிலேயே உயரமான ரயில் நிலையம். அதற்கடுத்தது ஒஹியா. இரண்டுக்கும் இடையில் ஒரு சுரங்கப்பாதை வரும்: ஒரு பக்கம் புகார் மூடியிருக்க, மறுபக்கம் வெயில் அடிப்பது அடிக்கடி காணும் காட்சி. மலைமுகடு இரு காலநிலைகளைப் பிரிப்பதைச் சில நிமிடத்தில் கண்ணால் பார்த்துவிடலாம். ஒஹியாவிலிருந்து, நடைபாதை தொடங்கும் ஃபார் இன்வரை 11 கிலோமீற்றர் ஏற்றம். நடப்பவர்களும் உண்டு, ஓட்டோ பிடிப்பவர்களும் உண்டு. மழைக்காலத்தில் மண்சரிவால் மலையக ரயில்பாதை மூடப்படும், ஆகவே புறப்படுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். சுற்றியுள்ள தோட்டங்களில் தமிழ் புழங்குவதால் வழிகேட்க மொழித்தடை இல்லை.

நடை

ஃபார் இன் என்பது பழைய வேட்டை விடுதி, இப்போது பார்வையாளர் நிலையம். நடைபாதை அங்கே தொடங்குகிறது. சின்ன உலகமுடிவு, உலகமுடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி மூன்றையும் சுற்றிவர 9 முதல் 10 கிலோமீற்றர். மூன்று நாலு மணித்தியாலம். பாதை ஒரு கிலோமீற்றர் அளவில் இரண்டாகப் பிரியும். புகாரை முந்தவேண்டுமானால் சின்ன உலகமுடிவுப் பக்கமாகவே போங்கள். நீர்வீழ்ச்சி ஓடிப்போகாது, புகாருக்குள்ளும் அதைப் பார்க்கலாம். ஆறேகாலுக்கு நடக்கத் தொடங்கினால் எட்டு மணிக்கு முன்னர் விளிம்பில் நிற்பீர்கள்.

விளிம்பில் தொடர்ந்து கம்பிவேலி இருக்குமென்று எண்ணவேண்டாம். ஈரப்புல்லும் பாறையும் வழுக்கும். படம் எடுப்பதற்காகப் பின்னோக்கி நகர்வதுதான் பெரிய ஆபத்து. இரண்டு மீற்றர் தள்ளி நிற்பது, பிள்ளைகளின் கையை விடாமலிருப்பது, இரண்டும் போதும். பேக்கர் நீர்வீழ்ச்சியில் குளிக்கத் தடை. தண்ணீர் குளிர், பாறை வழுக்கல், இழுவையும் உண்டு. கீரிமலைக் கேணியில் நீந்திப் பழகியது இங்கே உதவாது.

மூச்சு வாங்கும், பயப்படவேண்டாம். காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் முக்கால் பங்குக்குச் சற்றுக் கூட. மலைநோய் பொதுவாக 2,500 மீற்றருக்கு மேல்தான் தொந்தரவு தரும். முதல் அரைமணி மெதுவாக நடந்தால் உடல் பழகிவிடும். இதயநோயோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டு, மருந்தைக் கையோடு வைத்திருங்கள். ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர். குளிரில் தாகம் தெரியாது என்பதால் நேரம் பார்த்துக் குடிக்கவேண்டும்.

நல்ல கால் இருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு ஏற்றங்கள் உண்டு. பட்டிப்பொலப் பக்கத்திலுள்ள தொட்டுபொல கந்த 2,357 மீற்றர்; இரண்டு மணித்தியாலத்துக்குள் ஏறி இறங்கலாம். கிரிகல்பொத்த நாட்டின் இரண்டாவது உயரமான மலை. போய்வர 14 கிலோமீற்றர் அளவு, சேறு, பகல் முழுவதும் வேண்டும்.

இரவு தங்குதல்

பூங்காவுக்குள் விரும்பிய இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது. வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் ஒதுக்கிய முகாமிடங்கள் உள்ளன. மகா எலிய, கினிஹிரிய என்ற விடுதிகளும் உள்ளன. முன்பதிவு செய்து, சீட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் போகவேண்டும். வாசலில் கேட்டுப் பார்க்கலாம் என்று வானில் கூடாரத்தை ஏற்றிப் போனால் திரும்பி நுவரெலியாவுக்கு வரவேண்டியதுதான். பதியும்போதே தண்ணீர், கழிப்பறை, சமைக்கும் இடம், உடன்வரும் அலுவலர் பற்றிக் கேட்டுவிடுங்கள். மின்சாரத்தை நம்பாதீர்கள்.

குளிரைப் பற்றி விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் எங்கள் ஆட்கள் இதில்தான் தவறுகிறார்கள். பூங்காவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 13 பாகை. தை, மாசி இரவுகளில் ஐந்துக்கும் கீழே இறங்கும். தெளிந்த வானமென்றால் அதிகாலையில் புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். யாழ்ப்பாணத்தின் ‘பனி’க்குத் தலையில் துவாய் கட்டினால் போதும். இந்த உறைபனி வேறு இனம்.

முதலாவது எதிரி பருத்தி. சாரம், ரீசேர்ட், டெனிம் எல்லாம் வியர்வையையும் புகாரின் ஈரத்தையும் குடித்து வைத்துக்கொள்ளும். ஈரத்துணி உடல் சூட்டை உலர்ந்த துணியைவிடப் பலமடங்கு வேகமாக உறிஞ்சும். மூன்று அடுக்கு உடுங்கள்: உடலோடு ஒட்டியதாகப் பொலியெஸ்ரர் விளையாட்டுப் பனியன், அதற்குமேல் கம்பளிச் சுவெற்றர், வெளியே காற்றும் நீரும் புகாத ஜக்கெற். நடக்கும்போது சுவெற்றரைக் கழற்றிவிடுங்கள். வியர்க்கும்வரை போர்த்துக்கொண்டு நடந்தால் நின்றதும் விறைக்கும். படுப்பதற்கென்று ஒரு சோடி உலர்ந்த உடுப்பும் காலுறையும் தனியாக இருக்கட்டும். எவ்வளவு சோர்வென்றாலும் நனைந்த உடுப்போடு படுக்கக்கூடாது.

இரண்டாவது எதிரி நிலம். மேலே மூன்று போர்வை போர்த்தாலும் கீழே பாய் மட்டும் இருந்தால் இரவு முழுவதும் நடுக்கம்தான். உடல் பாரத்தில் நசுங்கிய துணிக்குள் காற்று இல்லை; காற்றில்லாத துணி சூட்டைத் தடுக்காது. நசுங்காத நுரைமெத்தை, ஒரு சென்ரிமீற்றர் தடிப்பில், ஆளுக்கு இரண்டு விரியுங்கள். சிலீப்பிங் பாக் வாங்கும்போது அதில் எழுதியுள்ள வெப்பநிலைகளில் ‘வசதி’ எண்ணைப் பாருங்கள். அது 5 அல்லது அதற்குக் கீழே இருக்கவேண்டும். ஆகக் குறைந்த எண் உயிர் தப்புவதற்கானது, நித்திரைக்கானதல்ல.

முகாமிடத்தில் தெரிவு இருந்தால் பள்ளத்தின் அடியில் கூடாரம் போடாதீர்கள். குளிர்காற்று கனமானது, இரவில் தண்ணீர்போல வழிந்து தாழ்வான இடத்தில் தேங்கும், உறைபனியும் அங்கேதான் முதலில் விழும். சற்று மேலான, காற்று மறைவான தரை நல்லது. கூடாரம் இரட்டைத் தோலுள்ளதாக இருக்கவேண்டும். ஒற்றைத் தோல் கூடாரத்தில் மூச்சின் ஈரம் சுவரில் படிந்து முகத்தில் சொட்டும். ஓர் இரவில் ஓர் ஆளிடமிருந்து கால் லீற்றருக்குக் குறையாத நீர் வெளியேறுகிறது. நாலு பேர் படுத்தால் ஒரு லீற்றர். குளிருக்குப் பயந்து காற்றோட்டத் துவாரத்தை மூடினால் விடியும்போது எல்லாம் ஈரம். துவாரத்தைத் திறந்து வைத்துத் தொப்பி போட்டுக்கொண்டு படுப்பதே சரி.

கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டவே கூடாது. கரியடுப்பும் கூடாது. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை. நித்திரையிலேயே உயிர் போகும்.

காஸ் அடுப்பு ஏன் சதி செய்கிறது? கடைகளில் கிடைக்கும் சிறிய தகரக் குழாய்களில் பெரும்பாலும் இருப்பது பியூட்டேன். அது பூச்சியம் பாகைக்குக் கிட்டவே ஆவியாவதை நிறுத்திவிடும். வெளியே 5 பாகை என்றாலும், எரியும்போது திரவம் ஆவியாவதால் குழாய் தன்னையே குளிர்வித்துக்கொள்கிறது. ஐந்து நிமிடத்தில் சுவாலை நீலத்திலிருந்து மெலிந்து துடிக்கும், குலுக்கிப் பார்த்தால் உள்ளே காஸ் தளும்பும். முடிந்துவிட்டதென்று எறியாதீர்கள். இரவில் குழாயைப் படுக்கைக்குள் வைத்திருந்து காலையில் எடுத்தால் நன்றாக எரியும். நெருப்பில் காட்டுவது, கொதிநீரில் வைப்பது இரண்டும் வெடிப்பில் முடியும். நாலு பேருக்கு இரவுச் சாப்பாடும் காலைத் தேநீரும் என்றால் 220 கிராம் குழாய் இரண்டு கொண்டுபோங்கள்.

அந்த உயரத்தில் தண்ணீர் 93 பாகையிலேயே கொதிக்கும். கொதிப்பதைப் பார்த்து வெந்துவிட்டதென்று இறக்கினால் அரிசியின் நடு கல்லாக இருக்கும், பருப்பு மலராது. புறப்படுமுன்னரே அரிசியையும் பருப்பையும் ஊறவைப்பது, சிறிய பிரஷர் குக்கர் கொண்டுபோவது, இரண்டில் ஒன்று வேண்டும். சமையலைக் குறைப்பது இன்னும் நல்லது. வறுத்த மாவில் அவித்த புட்டை முதல்நாளே செய்து, மாசிச் சம்பலோடு கொண்டுபோனால் இரவுச் சாப்பாடு முடிந்தது.

வாசலில் நடக்கும் சோதனை

நடைபாதை தொடங்கும் இடத்தில் பைகளைத் திறந்து பார்ப்பார்கள். பொலித்தீன் பை, பிஸ்கற் உறை, தண்ணீர்ப் போத்தலைச் சுற்றியுள்ள மெல்லிய தாள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, தின்பண்டத்தைக் கடதாசிப் பையில் மாற்றித் தருவார்கள். இதில் சலிப்படைவதற்கு ஒன்றுமில்லை. ஃபார் இன் பக்கம் மேயும் மரைகள் உப்புக்கும் தின்பண்ட வாசத்துக்கும் பழகி, உறையோடு விழுங்கிவிடும். அது இரைப்பையில் தங்கி, வயிறு நிறைந்ததுபோல் இருக்கும்; புல் தின்னாமல் மெலிந்து சாகும். மரைக்கு ஒரு பாண் துண்டு நீட்டுவதும் அதே பழக்கத்தை வளர்ப்பதுதான். தயவுசெய்து நீட்டாதீர்கள், பிள்ளைகள் கேட்டாலும்.

இந்தச் சோதனைக்கு எங்களிடம் பழைய விடை ஒன்று இருக்கிறது. பனையோலைக் குட்டானில் வரும் பனங்கட்டியை அப்படியே எடுத்துப் போகலாம். பொலித்தீன் ஒரு நூலும் இல்லை, நடக்கும்போது வாயில் ஒரு துண்டு போட்டால் உடனே தெம்பு. பருத்தித்துறை வடையும் பொரிவிளாங்காயும் மூடியுள்ள தகரப் பெட்டியில் நாள்கணக்கில் கெடாது. ஒரு கவனம்: பனங்கட்டி ஈரத்தை இழுக்கும். புகாருக்குள் ஓர் இரவு திறந்து கிடந்தால் காலையில் மேற்பரப்பு பளபளத்து, ஓலையின் பின்னல் வழியே பாகு கசிந்து, பையெல்லாம் எறும்புக்கு விருந்தாகும். இரவில் குட்டானையும் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். சாப்பாடு எதையும் கூடாரத்துக்குள் வைக்கவேண்டாம். வாசத்துக்குப் பன்றி வரும். சிறுத்தையும் இந்தக் காட்டில் உண்டு, இருட்டிய பிறகு தனியாக உலாவாதீர்கள்.

திறந்த நெருப்பு மூட்டாதீர்கள். மாசி, பங்குனியில் புல் காய்ந்திருக்கும். மண்ணிலேயே மட்கிய தாவரம் நிறைய இருப்பதால் மேலே அணைந்த நெருப்பு அடியில் புகைந்து, மறுநாள் காற்றில் வேறிடத்தில் கிளம்பும். ஐரோப்பாவிலிருந்து வந்து பரவிய முட்செடியான கோர்ஸ் எண்ணெய்ப்பசை உள்ளது, பந்தம்போல எரியும்; எரிந்த இடத்தில் முதலில் முளைப்பதும் அதுவே.

யாராவது அடக்கமுடியாமல் நடுங்கினால், பேச்சுக் குழறினால், கால் தடுமாறினால் ‘குளிர்தானே’ என்று விடாதீர்கள். உடல்வெப்பம் இறங்குகிறது. காற்றிலிருந்து மறைத்து, ஈர உடுப்பை மாற்றி, உலர்ந்த போர்வையால் தலையையும் சேர்த்து மூடி, விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் சீனி போட்ட சூடான தேத்தண்ணி கொடுங்கள். கைகாலைத் தேய்க்கவேண்டாம். சாராயம் வேண்டவே வேண்டாம். தோலுக்கு இரத்தத்தை இழுத்துச் சூட்டை இன்னும் வெளியேற்றிவிடும். நடுக்கம் நின்று ஆள் மயங்கத் தொடங்கினால் அலுவலரை எழுப்பி, கிடத்தியபடி வாகனத்தில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

திரும்பும் நாளில் கூடாரம் ஈரமாகத்தான் மடியும், வேறு வழியில்லை. ஆனால் அதே மடிப்பில் யாழ்ப்பாணத்து வெப்பத்தில் இரண்டு நாள் கிடந்தால் பூஞ்சணம் பிடித்து, உட்பூச்சு உரிந்து ஒட்டத் தொடங்கும். வந்த அன்றே மாமர நிழலில் கொடி கட்டிக் காற்றில் உலர்த்துங்கள். நேர்வெயில் நைலோனை நொய்யாக்கும். அதற்கு முன்னர், பூங்கா வாசலிலேயே சப்பாத்தின் அடியையும் கூடார முளைகளையும் தூரிகையால் தட்டிவிட்டு வாருங்கள், கோர்ஸ் விதை அடுத்த மலைக்குப் பயணம் போகாதிருக்க.